அவனோடு கூடப் போ

கியா பார்ம்,
கேமரன் மலை.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூட்டாளியை நினைத்து நீ தூங்காமல் எழுதியிருக்கிறாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. தேயிலை வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது இடுப்பில் அடிபட்டு அவன் வேலைக்குப் போகவில்லை. மோட்டார் தவணை நின்றுபோயிற்று. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவில் தாய்வீட்டில் இருக்கிறாள். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல, விடுடா" என்கிறான். கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறாய்: "பொம்பளைங்களுக்குன்னா சங்கம் இருக்கு, இலாகா இருக்கு. ஆம்பளைக்கு யாரு இருக்கா?"

இருக்கிறார்கள், தம்பி. எங்கே என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைப் பிடித்துக்கொள். இடங்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி அவன் கையில் கொடுத்தால், அந்தக் காகிதம் சட்டைப்பையிலேயே கிடந்து துவைபட்டுப் போகும். நீ கூடப் போக வேண்டும். கிளினிக்குக்குக் கூடப் போ, பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு ஆபீசுக்குக் கூடப் போ, மனைவியைப் பார்க்கப் போக அவன் முடிவெடுத்தால் ஈப்போ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு எந்த ஆணும் என்னிடம் வந்ததில்லை. நெஞ்செரிச்சல் என்பார்கள், தலைசுற்றுகிறது என்பார்கள், ராத்திரியில் கால் குடைகிறது என்பார்கள். மாத்திரையை வாங்கிய பிறகும் போகாமல் கதவருகே நிற்பார்கள். அப்படி நிற்பவர்களைக் கவனிக்கப் பழகிய பிறகுதான் அந்த வேலை எனக்குப் புரிந்தது. "பசியாறியாச்சா?" என்று கேட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும், வட்டிக்காரன், பிள்ளையின் படிப்பு, முந்தைய ராத்திரி நடந்த சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஏன் இப்படி அடைத்து வைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். நம் ஆண்களுக்குக் கல்நெஞ்சு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. லயத்தை நினைத்துப் பார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ராத்திரி ஒருவன் விம்மினால் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். வீடு வேறு தோட்டத்துடையது; வேலை போனால் வீடும் போகும். "என்னால முடியல" என்று வாய்விட்டுச் சொன்னால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமோ என்ற பயம். 1929இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் இந்த மலையேறிய தலைமுறையின் பயம், லயத்தை விட்டுக் காய்கறித் தோட்டத்துக்கும் லோரிக்கும் வந்துவிட்ட பேரப்பிள்ளைகளிடமும் அப்படியே இருக்கிறது. இப்போது தேயிலை வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்த ஆண்கள் எத்தனையோ பேர். நம் பாட்டன் பூட்டன் பட்டதை அவர்கள் இன்று படுகிறார்கள். அவர்களையும் ஒரு வார்த்தை விசாரி.

இப்படி மனசுக்குள் அடைத்து வைப்பதற்கு என்ன விலை என்பதை இந்தியாவின் கணக்கு காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் 2022ஆம் ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் மிகப் பெரிய பகுதி தினக்கூலிக்காரர்கள், நாலில் ஒரு பங்குக்கும் கூடுதல். அன்றாடம் உழைத்துத் தின்றவன் உழைக்க முடியாமல் உட்காரும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த எண்ணிக்கையோடு சேர்த்துப் பார். உன் கூட்டாளிக்கு இடுப்போடு சேர்ந்து வேறு ஒன்றும் முறிந்திருக்கலாம்.

இனி, எப்படிக் கேட்பது. வீட்டுக்குள் கதவைச் சாத்தி, எதிரெதிரே உட்கார்ந்து, "என்னதான்டா பிரச்சினை?" என்று கேட்காதே. அது விசாரணை. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து ஆண்களுக்கென்றே பட்டறைக் கொட்டகைகள் வளர்ந்தன. ஓய்வு பெற்றவர்கள், வேலை இழந்தவர்கள், மனைவியை இழந்தவர்கள் அங்கே வந்து நாற்காலி செப்பனிடுவார்கள், மரம் இழைப்பார்கள். கை வேலையில் இருக்க, கண் வேலையைப் பார்க்க, பக்கத்தில் இருப்பவனிடம் பேச்சு தானாக வரும். இதை நாம் ஆஸ்திரேலியாக்காரரிடம் கற்கத் தேவையில்லை. வேனில் கோஸ் மூட்டை ஏற்றும்போது, பிரிஞ்சாங்குக்கு டீசல் போடப் போகும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வை. இடுப்பு வலிக்காரனுக்கு மூட்டை தூக்கும் வேலை வேண்டாம். கணக்கு எழுதச் சொல், பெட்டி எண்ணச் சொல். கியா பார்ம் சாலையில் வார இறுதி நெரிசலில் வண்டி நகராது; அந்த நேரமும் நல்ல நேரம்தான்.

அவன் பேச ஆரம்பித்தால் புத்தி சொல்லாதே. "உன்னைவிடக் கஷ்டப்படுறவன் எவ்வளவு பேர் இருக்கான்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அதைக் கேட்டவன் அடுத்த முறை பேச மாட்டான்.

இப்போது நீ எழுதத் தயங்கிய, எழுத்துக்கு நடுவே எனக்குத் தெரிந்த அந்தப் பயத்துக்கு வருகிறேன். அவன் உயிரை விட்டுவிடுவானோ என்று பயப்படுகிறாய். நேராகவே கேள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று இதே சொற்களில் கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பலருக்கு அந்தக் கேள்வியே பெருமூச்சு விட இடம் தருகிறது. ஆமாம் என்று அவன் சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதே. அவனைத் தனியே விடாதே. அவன் நம்பும் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போ, முடியாவிட்டால் 999ஐ அழை.

காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்துக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்யச் செய்ய, இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. சாகத் தோன்றும் அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைத்து வாழ்பவர்கள் அதிகம்.

போலீஸ் பிடிக்கும் என்ற பயமும் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவில் தற்கொலைக்கு முயல்வது குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம் என்றிருந்தது. சாவின் விளிம்பிலிருந்து மீண்டவனைக் கூண்டில் ஏற்றும் அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. மலேசிய நாடாளுமன்றம் 2023இல் அதை நீக்கியது. 2023 செப்டம்பர் 11 முதல் அது குற்றமில்லை. இலங்கை 1998லேயே நீக்கிவிட்டது, சிங்கப்பூர் 2020இல். இதை அவனுக்கும் சொல், அவன் வீட்டாருக்கும் சொல். மறைத்து வைத்து வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்கு இனிக் காரணம் ஏதும் இல்லை.

ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் இருக்கிறது, எண் 03-7627 2929. 1970இல் தொடங்கிய அமைப்பு, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேட்கச் சொல். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகாவும், கொழும்பில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும் இதே வழியில் நடப்பவை. பெயர் தெரியாத ஒருவர் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே எத்தனையோ உயிர்கள் மீண்டிருக்கின்றன. முதல் தடவை எண்ணை நீ அழுத்திக் கொடு.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. ஆண்களின் துன்பத்தில் பாதி ஏதோ ஒரு ஆபீஸ் கவுண்டரில் தீரக்கூடியதாக இருக்கிறது. அந்தக் கவுண்டருக்குப் போகத்தான் வெட்கம். அவனுடைய இடுப்பு வேலையில் அடிபட்டது. அப்படியானால் அது பெர்கேசோ வழக்கு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குப் பணம் உண்டு, சிகிச்சை உண்டு, திரும்ப வேலைக்கு நிற்கவைக்க 2007 முதல் மறுவாழ்வுத் திட்டமும் உண்டு. முதலாளி விபத்தைப் பதிவு செய்தாரா என்பதை முதலில் விசாரி. ஆட்குறைப்பில் வேலையே போனால் 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது; வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனம் உடைந்தவனுக்கு அறுபது நாள் கட்டிலில் புரண்டே கழிந்துவிடும். அதனால்தான் நாள்களை எண்ண நீ வேண்டும் என்கிறேன். மோட்டார் தவணைக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம்; பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கிக் கடனை மறுபடி ஒழுங்குபடுத்த உதவுவார்கள். ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் அது வேறு கதை. வீட்டுக்கு வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுப்பதற்கும் நீ கூடப் போ.

தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் அது நோய் என்று எடுத்துக்கொள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. இடுப்பைக் காட்டப் போகும்போதே தூக்கத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லச் சொல். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். உண்மையாகப் பதில் சொன்னால் போதும். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால் வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும். ரெண்டு நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று அவன் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

குடியைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். அதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946, 47இல் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போடப் போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பாத காலம் அது. திரும்பியவர்களும் பார்த்ததைச் சொல்ல வாயில்லாமல் கள்ளுக்கடையில் உட்கார்ந்தார்கள். தோட்டம் கொடுத்த கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திரும்பிப் போனது. தோட்டத்து இளைஞர்கள் அந்தக் கடைகளின் முன் போய் மறித்து நின்றார்கள். காலனி அரசாங்கத்தின் போலீஸ் 1947இல் அவர்களை அடக்கியது. என்னைப் பொறுத்தவரை மலாயாத் தமிழ் ஆண்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்க முயன்ற பெரிய நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அது விரிவாக வர வேண்டும்.

ஆனால் கடையை மறித்தால் குடிப்பவனின் உள்ளே இருப்பது தீராது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிநோயால் கணவரை இழந்த பிறகு, 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடியை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தருவது அங்கே வழக்கம். உன் கூட்டாளியை "குடிகாரப் பயல்" என்று அவன் மனைவி வீட்டார் பேசினால், பதிலுக்குச் சண்டை பிடிக்காதே. சிகிச்சை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வை. ஒன்று கவனம்: தினமும் நிறையக் குடித்தவன் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறேன் என்றால் தடுக்காதே, நம்பிக்கை பெரிய பலம்; கயிறு கட்டியதும் நேரே கிளினிக்குக்கு அழைத்துப் போ.

அவன் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் பிள்ளையோடு போனதற்கு அவளுக்கு நியாயம் இருக்கலாம். வீட்டில் கை நீண்டிருந்தால் அதை நீ மூடி மறைக்க வேண்டியதில்லை. வலி இருப்பது அடிப்பதற்கு அனுமதியாகாது. 15999 என்ற தாலியான் காசே உதவி எண் அவளுக்கும் உதவும், அவனுக்கும் உதவும்.

நீயும் இருபது வயதுப் பிள்ளை. எல்லாவற்றையும் தனியாகச் சுமக்காதே. அவனுடைய அண்ணனையோ, கூட வேலை செய்த மண்டோரையோ, ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உனக்கே தூக்கம் கெட்டால் அந்த எண்கள் உனக்கும்தான்.

முதலில் கிளினிக், அடுத்து பெர்கேசோ. அவனுடைய அடையாள அட்டை, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, அடிபட்ட அன்று டாக்டர் கொடுத்த மருத்துவ விடுப்புச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துவைக்கச் சொல். விபத்து நடந்த தேதி, நேரம், கூட இருந்தவர்கள் யார் என்பதை அவன் வாயால் சொல்ல, நீ ஒரு தாளில் எழுதிக்கொள். மனு எழுத என் வீட்டுக்கு இருவரும் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் டிரசர் மாமா