அலமாரிக் கதவும் நிலையியலும்

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

நிலையியல் வகுப்பில் திருப்புத்திறனைப் படிக்கும்போது துலாக்கோலையும் ஏற்றத்தையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அதே பாடம் நம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் திறந்து மூடப்படுகிறது என்பதை, ஒரு சிறு இழப்புக்குப் பிறகுதான் நான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டுச் சமையல் மேடையின் கீழ், சீட்டுப் பணத்தைக் கொண்டு என் தாயார் நான்கு கதவுகள் கொண்ட ஒட்டுப்பலகை அலமாரி ஒன்றை அமைத்தார். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு கதவு சரிந்து, பக்கத்துக் கதவில் உரசத் தொடங்கியது. பழுது பார்க்க வந்தவர், உரசிய விளிம்பை இழைப்புளியால் சீவிவிட்டுச் சென்றார். சில நாள் கதவு நன்றாக மூடியது. பிறகு மீண்டும் சரிந்தது. சீவிய விளிம்பின் வழியே ஈரம் ஏறிப் பலகையின் அடுக்குகள் பிரிந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழைய புடவைக் கிழிசலால் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அந்தக் கதவு ஏன் சரிந்தது? சீவாமலே அதை நேராக்கியிருக்க முடியாதா? இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கீலின் வகை

பழைய வீடுகளின் கதவுகள் குடுமியில் சுழன்றன. பின்னர் இரண்டு இரும்புத் தகடுகளை ஓர் ஊசியால் கோத்த கீல்கள் வந்தன. இவற்றைப் பொருத்தியபின் இடம் மாற்ற வேண்டுமானால் திருகாணிகளைக் கழற்றி, வேறு துளை இடவேண்டும். இன்றைய சமையலறை அலமாரிகளில் பெரும்பாலும் காணப்படுவது வெளியே தெரியாத மறைகீல். தச்சர்கள் இதனை ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்பர். இதன் கிண்ணம் போன்ற பகுதி, கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள குழியில் அமர்கிறது. அதிலிருந்து நீளும் கை, பெட்டியின் பக்கப்பலகையில் திருகப்பட்ட தகட்டுடன் இணைகிறது. கதவு மூடும் தறுவாயில் உள்ளிருக்கும் சுருள்வில் அதை இழுத்துக்கொள்கிறது. இக்கீலின் சிறப்பு, கதவைக் கழற்றாமலே மூன்று திசைகளில் நகர்த்தித் திருத்த முடிவதாகும்.

கதவு ஏன் சரிகிறது?

450 மி.மீ. அகலமும் 720 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 3.5 கிலோ என்க. இவ்வெடை கதவின் நடுவில், அதாவது கீல் பக்கத்திலிருந்து 225 மி.மீ. தொலைவில் கீழ்நோக்கிச் செயற்படுகிறது. மேலும் கீழும் 100 மி.மீ. விட்டுக் கீல்களைப் பொருத்தினால், அவற்றின் இடைத்தூரம் 520 மி.மீ. எடையின் திருப்புத்திறனைச் சமன்செய்ய, இரு கீல்களும் சேர்ந்து ஓர் இரட்டையைத் தரவேண்டும். அதன் ஒவ்வொரு விசையும் 3.5 × 225 ÷ 520, அதாவது சுமார் 1.5 கிலோ எடைக்குச் சமம். மேல்கீல் பக்கப்பலகையிலிருந்து பிடுங்கப்படுகிறது. கீழ்க்கீல் பலகையின்மேல் அழுத்தப்படுகிறது. கதவு மூடியிருக்கும் வேளையிலும் மேல்கீலின் திருகாணிகள் ஓய்வின்றி இழுபடுகின்றன. கீல்களின் இடைத்தூரத்தைப் பாதியாக்கினால் இவ்விழுப்பு இரு மடங்காகும். கதவின் வெளி விளிம்பில் ஒரு கிலோப் பையை மாட்டினால், கதவின் எடையே இரண்டு கிலோ கூடியதற்கு ஒப்பாகும்.

மேல்கீல் 1 மி.மீ. விலகினால் என்ன நிகழும்? வெளி விளிம்பு ஏறக்குறைய 0.9 மி.மீ. தாழும்; மேல்முனை பக்கத்துக் கதவை நோக்கி 1.2 மி.மீ. நகரும். கதவுகளின் இடைவெளியே 2 அல்லது 3 மி.மீ. தான் என்பதால், இச்சிறு விலகலும் நம் கண்ணில் படுகிறது. சற்றுக் கூடினால் கதவு உரசுகிறது. ஆகவே உரசல் தெரிவது ஓரிடம். குறை இருப்பது வேறிடம். எங்கள் கதவில் சீவப்பட்டது குற்றமற்ற விளிம்பு. தளர்ந்திருந்த மேல்கீலை எவரும் தொடவில்லை.

முதலில் பெட்டி, பிறகு கதவு

கதவில் கைவைக்குமுன் பெட்டியைச் சோதித்தல் வேண்டும். ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். மூலைக்கு மூலை இரு குறுக்களவுகளும் சமமாக உள்ளனவா என்று நாடாவால் அளக்கலாம். சமமாக இல்லையெனில் பெட்டியே கோணியிருக்கிறது. கால்களின் அடியில் தக்கை வைத்து முதலில் அதைச் செம்மை செய்யவேண்டும்.

அடுத்து, கதவைப் பாதி திறந்து வெளி விளிம்பைச் சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும். கீலின் தகடு அசைந்தால் அதன் திருகாணிகளை இறுக்கவேண்டும். திருகாணி பிடிப்பின்றிச் சுழன்றால் துளை அகன்றுவிட்டது என்பது பொருள். அத்துளையில் பசை தடவிய மூங்கில் குச்சிகளை நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் உலரவிட்டு, நீட்டியிருப்பதை நறுக்கிவிட்டு, திருகாணியை மீண்டும் ஏற்றலாம்.

மூன்று திருத்தங்கள்

1. உயரம்: கதவு முழுவதும் ஏறியோ இறங்கியோ இருந்தால், இரு தகடுகளின் நீள்துளைத் திருகாணிகளையும் சற்றுத் தளர்த்திக் கதவை நகர்த்தி இறுக்கவேண்டும். இவ்வேளையில் கதவைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் துணை வேண்டும்.

2. பக்கவாட்டம்: கீலின் கையில் கதவுக்கு அருகிலுள்ள திருகாணி இதற்குரியது. சரிந்த கதவை நிமிர்த்த, மேல்கீலில் கதவைக் கீல் பக்கமாக இழுக்கவேண்டும். அல்லது கீழ்க்கீலில் அதற்கு எதிர்ப்புறமாகத் தள்ளவேண்டும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்குமேல் திருப்பாமல், கதவை மூடிப் பார்த்துப் பார்த்துச் செய்வது நன்று.

3. ஆழம்: கையின் பின்புறத் திருகாணி இதற்குரியது. கீல் பக்கம் பெட்டியில் இடித்துக் கதவு முழுதும் மூடாவிட்டால், இதைத் தளர்த்திக் கதவைச் சிறிது முன்னே கொணரலாம். பலகை முறுக்கியிருந்தால், மேல்கீலை ஒருபுறமும் கீழ்க்கீலை மறுபுறமும் நகர்த்திக் குறையைப் பங்கிடலாம்.

பல கதவுகள் வரிசையாக இருப்பின், ஒன்றை மட்டும் செம்மையாக நிறுத்தி, அதனை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்தவேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் நகர்த்தினால் எதை எதனோடு ஒப்பிடுவது?

மரக்கதவும் மழைக்காலமும்

சட்டத்துக்குள் அமைந்த மரக்கதவுக்கு ஒரு விலக்கு உண்டு. மரம் ஈரத்தை ஏற்று, நார்களுக்குக் குறுக்காக விரிகிறது. நீளவாட்டில் மிகச் சிறிதே மாறுகிறது. எனவே ஐப்பசி, கார்த்திகையில் இறுகும் கதவு, கீலில் குறையின்றியும் இறுகலாம். அப்போது சீவினால் சித்திரையில் இடைவெளி காணும். ஒரு கோடை பார்த்தபின் முடிவு செய்வதே முறை. ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் இவ்விரிவு குறைவு. ஆயினும் அதன் விளிம்பு மூடப்பட்டிருக்கவேண்டும். அதனைச் சீவித் திறப்பது ஈரத்துக்கு வாயில் திறப்பதாகும்.

முடிவுரை

நோயின் காரணத்தை நாடியபின் மருத்துவம் செய்யச் சொன்னார் வள்ளுவர். அது தச்சுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் அடுக்குப் பிரிந்த கதவைக் காப்பாற்ற இயலவில்லை. புதிதாக ஒன்று செய்யவேண்டியதாயிற்று. அதனையும் மற்ற மூன்று கதவுகளையும் ஒரு விடுமுறை நாளில், ஒரு திருப்புளியைக் கொண்டு நானே வரிசைப்படுத்தினேன். கதவைத் தாங்கிப் பிடித்தவர் அம்மா. கைப்பிடிகளைக் கட்டியிருந்த கிழிசல், இப்போது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாகப் பயன்படுகிறது.