நிபந்தனைக் கோவைகளை மாற்றி எழுதுதல்

யாழ்ப்பாணப் பாடசாலையொன்றின் புள்ளிப் பட்டியல் மைக்ரோசொப்ற் அக்செஸில் உள்ளதெனக் கொள்க. அதன் வினவலை மையெஸ்கியூஎல்லுக்கு மாற்றுவோம். (கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்க.)

அக்செஸ்:
ஐஐஎவ்(புள்ளி >= 75, "அதிவிசேடம்", ஐஐஎவ்(புள்ளி >= 35, "சித்தி", "சித்தியின்மை"))

மையெஸ்கியூஎல்:
கேஸ்
வென் புள்ளி >= 75 தென் 'அதிவிசேடம்'
வென் புள்ளி >= 35 தென் 'சித்தி'
எல்ஸ் 'சித்தியின்மை'
என்ட்

படிமுறை:
1. ஐஐஎவ்வின் முதற் பகுதியாகிய நிபந்தனையை 'வென்' என்பதன் பின் எழுதுக.
2. இரண்டாம் பகுதியைத் 'தென்' என்பதன் பின் எழுதுக.
3. மூன்றாம் பகுதி இன்னொரு ஐஐஎவ் எனின், அடுத்த 'வென்' வரியைத் தொடங்குக. அன்றேல் 'எல்ஸ்' எழுதுக.
4. எத்தனை அடைப்புக்குறிகள் மூடப்பட்டாலும் ஒரு 'என்ட்' போதுமானது.

அவதானிக்க: முதலில் உண்மையாகும் 'வென்' வரியே விடையைத் தரும். 35 ஐ முதலில் எழுதினால், 80 புள்ளி பெற்றவருக்கும் 'சித்தி' என்றே கிடைக்கும்.

பரீட்சைக்கு வராதவரின் புள்ளி வெற்றுப் பெறுமானம் (நல்) ஆகும். ஒப்பீடு எதுவும் அதற்கு உண்மையாகாது. எனவே அவர் 'எல்ஸ்' வரிக்குச் சென்று, பரீட்சை எழுதாமலே 'சித்தியின்மை' பெறுவார்! இதைத் தவிர்க்க முதல் வரியாகச் சேர்க்க:
வென் புள்ளி இஸ் நல் தென் 'வரவில்லை'

'கேஸ்' 1992 இன் எஸ்கியூஎல் நியமத்தில் இடம்பெற்றது. ஆதலால் ஏனைய பல தரவுத்தளங்களிலும் இது பயன்படும்.

பயிற்சி: 65 உம் அதற்கு மேலும் பெற்றவருக்கு 'விசேடம்' எனக் காட்டும் வரியை எவ்விடத்தில் சேர்ப்பீர்? காரணம் தருக.