ஸ்கேலரைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள மலருக்கு,

டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னார். "பல்லு சுத்தம் பண்ண ரெண்டு வருஷப் படிப்பா?" என்று வீட்டில் யாரோ கேட்டார்களாமே. கேட்டுவிட்டுப் போகட்டும்.

1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் நம் வேலையைச் சொல்லும்போது, பல்லில் படிந்த காரையை எடுத்து மெருகேற்றுவதோடு, வாய்ச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தே சொன்னது. பல கிளினிக்குகளில் முதல் வேலையோடு சரி. உன் காலத்தில் இரண்டாவதுதான் பெரிதாகப்போகிறது.

நாற்காலியில் உட்காருபவரின் மாத்திரைச் சீட்டை முதலில் வாங்கிப் பார். பிரஷருக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டுமே சிலருக்கு ஈற்றை வீங்கவைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். அதனால் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதே.

வாயைத் திறக்கச் சொன்னால் மூன்று விரல் நுழைய வேண்டும். இரண்டுக்கே தடுமாறி, "காரம் பட்டா எரியுதும்மா" என்கிறாரா? காரை எடுக்கும் ஸ்கேலரைக் கீழே வை. பாக்கு, குட்கா எத்தனை வருஷப் பழக்கம் என்று கேள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் நார் நாராகத் தட்டுப்படும். பின்னால் புற்றுநோயாக மாறக்கூடியது அது. நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர். பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதி அன்றைக்கே அவரிடம் காட்ட வேண்டியது நீ.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடும்" என்பார்கள், படித்தவர்களும்தான். எரிச்சல்படாதே. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை இறுக்கிப் பிடித்திருந்தது, அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது என்று கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டு.

அமெரிக்காவின் கொலராடோவில் 1980-களிலிருந்தே ஹைஜீனிஸ்ட் தனியாகத் தொழில் செய்யலாம். பிரிட்டனில் 2013 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே ஹைஜீனிஸ்டிடம் நேராகப் போகலாம். இங்கே மேற்பார்வையில்தான் வேலை. அதில் எனக்குக் குறையில்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வாயைப் பற்றித்தான் பாடத்தில் கொஞ்சமாக வரும். அங்கே சேரும் கிருமி நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. பல் செட்டை ராத்திரி கழற்றிவைக்கக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நர்சிங் பிள்ளைகளோடு வார்டில் ஒரு வாரம் நிற்க அனுமதி கேள். கிடைக்காவிட்டால் எழுது, இங்குள்ள முதியோர் இல்லத்தில் நான் பேசிவைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை