பஸ்ஸில் வா, நாலு நாள் இரு

கோத்தகிரி

அன்புள்ள கவினுக்கு,

அத்தை எழுதுகிறேன். மே மாதம் ஒரு சனி, ஞாயிறில் நண்பர்களோடு மூன்று கார் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வரப்போவதாக அண்ணன் சொன்னார். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. அதனால்தான் கடிதம்.

மலைக்கு வராதே என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன் கண்ணு. ஆனால் மே வேண்டாம், கார் வேண்டாம், ஓடி வந்து ஓடிப் போகிற ஒன்றரை நாளும் வேண்டாம். பொங்கல் கழிந்து, குடியரசு தினக் கூட்டமும் கீழே இறங்கிய பிறகு வா. உறைபனி இருக்கும், வானம் துலக்கமாக இருக்கும், ஊர் அதன் இயல்பில் இருக்கும்.

மேயில் இங்கே வண்டிமேல் வண்டி. கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. கோவைக்கு நோயாளியோடு இறங்கும் ஆம்புலன்சும் அதே மலைப்பாதை வளைவுகளில்தான் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. இ-பாஸ் எடுத்துவிட்டோமே, பிறகென்ன என்று உன் நண்பர்கள் கேட்கலாம். பாஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட உதவும். மேலே தண்ணீர் இருக்கிறதா என்று அது பார்க்காது.

மே மாதம்தான் எங்களுக்குத் தண்ணீர் சுருங்கும் காலம். குழாயில் எப்போது வருமென்று காத்திருந்து குடத்தில் பிடித்து வைக்கிறோம். அதே வாரம் லாட்ஜுகள் நிரம்பி, லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது. கழிவும் அதே அளவுக்குப் பெருகுகிறது. ஊட்டி ஊருக்குள் ஓடும் கோடப்பமந்து கால்வாய் ஏரியில் போய்க் கலப்பதைப் பார்த்தவர்களுக்குப் படகில் ஏற மனசு வராது.

கோபிச்செட்டிபாளையத்துக்காரனான உனக்கு இது அடுத்தவர் ஊர்த் தண்ணீரும் இல்லை. இந்த மலையின் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் இருக்கும் சோலைகளும் ஆடி மழையையும் ஐப்பசி மழையையும் வாங்கி மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, மழை நின்ற மாதங்களிலும் கொஞ்சங்கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் சீகையும் தைல மரமும் நட்டுப் புல்வெளியில் பெரும் பகுதியை அழித்துவிட்டார்கள். மிச்சமிருப்பதிலிருந்து வருகிற தண்ணீர்தான் பவானியாகவும் மாயாறாகவும் இறங்கி பவானிசாகரில் சேர்கிறது. அங்கிருந்து கொடிவேரி, தடப்பள்ளி வாய்க்கால், நம் வயல். எங்கள் பக்கம் அரவேணு தாண்டி விழும் காதரின் அருவியும் கல்லாறாகிப் பவானிக்குத்தான் போகிறது. அந்தப் பாறை இடுக்கில் சிப்ஸ் பாக்கெட்டுகளும் பாட்டில் துண்டுகளும் கிடப்பதைப் பார்க்கும்போது, அண்ணன் நாற்று நடும் சேற்றுக்கு இந்தத் தண்ணீர்தானே போகிறது என்று எனக்கு மனசு பதறும்.

சத்தி வழியாக மேட்டுப்பாளையம் வந்துவிடு. கோத்தகிரிக்கு அரசு பஸ் நிறைய இருக்கிறது, அதற்கு இ-பாஸும் வேண்டாம். ஒரு பஸ்ஸில் ஏறுகிற ஐம்பது பேர் காரில் வந்தால் பத்துப் பன்னிரண்டு வண்டி. அத்தனைக்கும் நிறுத்த இடம் வேண்டும், அந்த இடத்துக்காக மலையைச் செதுக்க வேண்டும். திரும்பும்போது ஊட்டியிலிருந்து மலை ரயிலில் இறங்கு. 1908-ல் ஊட்டியை எட்டிய பாதை, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டர் இறங்க மூன்றரை மணி நேரம் போல ஆகும், முன்கூட்டியே பதிவு செய்துவிடு. நீராவி எஞ்சினும் எண்ணெய் எரித்துத்தான் ஓடுகிறது. அதைச் சுத்தமான வண்டி என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மலை எவ்வளவு செங்குத்து, அதன் காடு எவ்வளவு அடர்த்தி என்று அந்தப் பயணம் காட்டுகிற மாதிரி கார் கண்ணாடி காட்டாது.

நாலு நாள் இருந்தால் எல்லா இடத்துக்கும் பாய வேண்டியதில்லை. கோடநாடு காட்சி முனைக்கு இங்கிருந்தே பஸ்ஸில் போகலாம். கீழே தெங்குமரஹாடாவும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் விரியும். நம் வாய்க்கால் தண்ணீர் எந்த வழியாக வருகிறதென்று அங்கே நின்று பார்.

மசினகுடியில் தங்கி ராத்திரி ஜீப்பில் யானை பார்க்கலாம் என்று உன் நண்பன் ஒருவன் சொல்கிறானாம். அதற்கு மட்டும் கண்டிப்பாகப் போகாதே. அந்தப் பகுதியின் சீகூர் யானை வழித்தடத்தில் தனியார் விடுதிகள் கூடாதென்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் அதே மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானைமேல் நெருப்பை வீசி விரட்டினார்கள். காது வெந்து, அந்த யானை செத்தே போனது. ராத்திரியில் விளக்கடித்து யானையைத் தேடிப் போகிற ஒவ்வொரு ஜீப்பும் அந்தத் தொழிலுக்குத்தான் காசு கொடுக்கிறது. காட்டுக்குள் விலங்குகளுக்கு ராத்திரி வேண்டும் என்றுதான் பந்திப்பூர் வழியை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைத்து வைக்கிறார்கள்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். தண்ணீர் பாட்டில் வாங்காதே, இங்கே அதற்குத் தடை. எவர்சில்வர் பாட்டிலைத் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம். கொண்டைஊசி வளைவில் குரங்குக்கு எதுவும் போடாதே. கோத்தகிரித் தெருவிலேயே காட்டெருமை வரும். எதிரில் வந்தால் போனை எடுக்காமல் ஒதுங்கி வழிவிடு. குளிர்காய விறகு மூட்டி, ஸ்பீக்கர் வைத்து ஆட்டம் போடுவதென்றால் அத்தை வீட்டுப் பக்கம் வேண்டாம்.

எத்தனை பேர் என்று பத்து நாள் முன்னால் சொல். மாடியில் ஆறு பேர் படுக்கலாம், மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வைக்கிறேன். கம்பளிச் சட்டை எடுத்து வா. பாத்திரத்தில் நம் தோட்டத்து நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் கொண்டு வா, பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

அன்புடன்,
அத்தை