ஒன்பது எந்த மொழி?

தமிழ்ப்பள்ளியில் நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணியது நினைவிருக்கிறதா? இடைநிலைப்பள்ளியில் அதை 'ஜாடுவல் கெகெராப்பான்' என்று படித்தோம். தமிழில் நிகழ்வெண் அட்டவணை. பல்கலைக்கழகத்தில் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் அதை ஒரு நொடியில் போட்டுத் தருகிறது. ஆய்வேடு எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக, நான் சறுக்கிய இடத்தைச் சொல்கிறேன்.

என் வினாத்தாளில் ஒரு கேள்வி: "வீட்டில் தம்பி தங்கையோடு அதிகம் பேசும் மொழி எது?" தமிழ் 1, மலாய் 2, ஆங்கிலம் 3, பதில் எழுதாதவர் 9 என்று குறியிட்டேன். கணக்கு எளிதாக இருக்க 50 தாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் 24, மலாய் 4, ஆங்கிலம் 12, வெற்றுத்தாள் 10.

முதலில் சராசரியைக் கேட்டேன். 3.16 என்றது. ஆங்கிலத்தையும் தாண்டிய அந்த மொழி எதுவோ! இங்கே எண்கள் வெறும் பெயர்கள்தாம்; எண்ணலாம், கூட்டி வகுக்கக் கூடாது. மென்பொருளுக்கு அது தெரியாது, கேட்டதைத் தந்துவிடும்.

பிறகு அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ், ஃப்ரீகுவன்சீஸ் என்று போய், மாறியை வலப்பக்கப் பெட்டிக்கு நகர்த்தி ஓகே அழுத்தினேன். தமிழ் 48 விழுக்காடு. "பாதிப்பேர்கூடத் தமிழ் பேசுவதில்லை" என்று முடிவுரைக்கு ஒரு வரியும் எழுதிவிட்டேன். அட்டவணையைப் பார்த்த விரிவுரையாளர், "ஒன்பது எந்த மொழி?" என்று கேட்டார்.

வேரியபிள் வியூவில் 'மிஸ்ஸிங்' என்னும் கட்டத்தில் 9-ஐ நான் குறிக்கவில்லை. அதனால் அதுவும் ஒரு பதிலாகவே எண்ணப்பட்டிருந்தது. குறித்ததும், பெர்சென்ட் 48 ஆகவே நின்றது. பக்கத்தில் வேலிட் பெர்சென்ட் 40 பேரை மட்டும் வைத்து வகுத்து 60 என்றது. யாரும் பதிலை மாற்றவில்லை, என் முடிவுரை மட்டும் தலைகீழானது. இரண்டையும் போட்டு, எத்தனை பேர் பதில் தரவில்லை என்பதையும் எழுதுவதுதான் நேர்மை.

ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? எல்லாரும் தெரிந்த முகங்கள்தானே, போய்க் கேட்டேன். சிலர் கடைக்குட்டிகள்; பேசத் தம்பி தங்கையே இல்லை. அவர்களை 8, 'பொருந்தாது' என்று பிரித்து, அதையும் மிஸ்ஸிங்கில் சேர்த்தேன். மற்றவர்கள், "ரெண்டும் கலந்துதான்லா பேசுவோம், எதுல போடச் சொல்ற?" என்றார்கள். அவர்களுக்கென்று என் தாளில் கட்டமே இல்லை. இருந்திருந்தால், தமிழ் என்று குறித்த 24 பேரில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? அதை எந்த மென்பொருளும் சொல்லாது. 'கலந்து பேசுவோம்' என்ற நான்காவது கட்டத்தோடு புதுத் தாள் அச்சடித்துவிட்டேன்; இந்த வாரம் மறுபடியும் சுற்ற வேண்டும்.