மவுன்ட் எங்கே, தம்பி?

அன்புத் தம்பிக்கு,

பாதி விலைக்கு பைக் நேவிகேட்டர் வாங்கியதைப் பற்றிப் போன இதழில் நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் ரசித்துப் படிக்கவில்லை, தேடிப் படித்தேன். மவுன்ட் பற்றி எங்காவது ஒரு வரி இருக்குமா என்று. இல்லை. ஐந்து அங்குல ஸ்கிரீனுக்கு ஒரு பத்தி, ப்ளூடூத்துக்கு ஒரு பத்தி, தள்ளுபடிக்கு மட்டும் மூன்று பத்தி. அந்தக் கருவி ஹேண்டில்பாரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குக் கரன்ட் எங்கிருந்து வரும்?

போன் இருக்க இது எதற்கு என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மழையில் செத்த போன்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். பெரிய இன்ஜினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் சொல்லிவிட்டது. தனிக் கருவி வேண்டும் என்பவர்களுக்குத்தான் நீ எழுதியிருக்கிறாய். சரி. அவர்களுக்காவது உருப்படியாக எழுத வேண்டாமா?

நீ வாங்கியது துபாய் வழியாக வந்த பழைய ஸ்டாக் கார்மின் ஜூமோ 590, பெட்டி திறந்தது, கடையில் டிஸ்ப்ளேக்கு வைத்திருந்தது. இப்படிப்பட்ட பீஸ் மலிவாக வருவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ஹேண்டில்பாரில் மாட்டும் கிரேடிலும் அதன் வயரும் எங்கோ தொலைந்திருக்கும். ஜூமோவின் முதுகைத் திருப்பிப் பார்த்திருப்பாய். சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். கிரேடிலில் ‘டக்’கென்று உட்காரும்போது கரன்ட் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் ஏறும். கிரேடில் இல்லையென்றால் யுஎஸ்பி வயரைச் சொருகி ஓட்டுவார்கள். அதற்கு ரப்பர் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மூடி திறந்த கருவிக்கு ஐபிஎக்ஸ்7 இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அந்த ஐபிஎக்ஸ்7-ஐயும் ஏதோ மழைக் கவசம் போல எழுதியிருக்கிறாய். ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தால் தாங்கும் என்பதுதான் அந்தச் சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு வேறு எண், வேறு சோதனை. எண்பதில் போகும்போது முகத்தில் அறையும் மழையை வாளித் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க முடியாது. நல்ல கருவிகள் இரண்டையும் தாங்கும். ஆனால் அதை அந்த எண்ணை வைத்துச் சொல்லாதே.

என் வீட்டில் வயரிங் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள், நீயாவது கேள். கரன்டை ஹெட்லைட் வயரிலிருந்து கிள்ளி எடுக்காதே. பேட்டரியிலிருந்து நேராக எடு, முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போடு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும்படி நடுவில் ஒரு ரிலே வை. ரிலே இல்லாமல் விட்டால் வண்டி நிற்கும்போதும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃபை அமுக்கினால் ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வயரை டாங்குக்கு அடியில் கொண்டுபோகும்போது ஹேண்டிலை முழுசாக இடமும் வலமும் ஒடித்துப் பார். இழுபடும் இடத்தில்தான் ஆறாவது மாதம் அறுந்துபோகும். வயரிங் பற்றி எழுதினால் வாசகர் பக்கம் புரட்டிவிடுவார் என்று எந்த ஆசிரியராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2000 மே மாதம் வரை ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மலைப்பாதையில் நூறு மீட்டர் என்றால் மேல் வளைவா கீழ் வளைவா என்றே தெரியாது. அதை நிறுத்திய பிறகுதான் நான் ஒரு கையடக்கக் கருவி வாங்கினேன். மேப் கிடையாது, ஓர் அம்புக்குறியும் எண்களும்தான். ரோட்டுக்கு டாங்க் பையின் பிளாஸ்டிக் உறைக்குள் டிடிகே மேப் மடித்து வைத்திருப்பேன். இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடும் அந்தக் கருவி திம்பம் ஏறும்போது ஒவ்வொரு குழிக்கும் செத்துப்போகும். செல் உள்ளே குதித்து, ஸ்பிரிங்கை விட்டு ஒரு கணம் விலகும், அவ்வளவுதான் விஷயம். பண்ணாரியில் டீக்கடைக்காரர் சிகரெட் அட்டையைக் கிழித்து மடித்து செல்லுக்கும் மூடிக்கும் நடுவே செருகிக் கொடுத்தார். ஆசனூர் வரை அணையவே இல்லை. அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் அதைத் திருப்பி முதுகைத்தான் பார்க்கிறேன்.

உன் இரண்டாவது குற்றம் இதைவிட மோசம். போட்டிக் கருவியைப் பற்றி, ‘கடைக்குள் பத்து நிமிடம் வைத்திருந்தும் சாட்டிலைட் பிடிக்கவில்லை, ரிசீவர் சுமார்’ என்று எழுதிவிட்டாய். கான்கிரீட் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு! சாட்டிலைட் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அது தகவல் அனுப்பும் வேகம் நொடிக்கு 50 பிட். எந்தெந்த சாட்டிலைட் எங்கெங்கே என்கிற முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வருஷக்கணக்கில் பெட்டியில் தூங்கிய கருவிக்கு அந்தப் பட்டியல் மறந்துபோயிருக்கும். முதல் தரம் மொட்டை மாடியில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டும். அந்தக் கருவிக்கு நீ ஒரு மன்னிப்பு பாக்கி.

மாடியில் வைத்தால் இன்னொன்றும் தெரியும். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 இரவு. அதைச் சமாளிக்கும் சாஃப்ட்வேர் ஏறாத பழைய ஸ்டாக், இடத்தைச் சரியாகக் காட்டும், தேதியை மட்டும் ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் காட்டலாம். தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.

மேப்புக்கு வருவோம். பெட்டியில் ‘எல்எம்’ என்று இருப்பதால் ஆயுளுக்கும் மேப் இலவசம் என்று குதித்திருக்கிறாய். அந்த ஆயுள் உன்னுடையது அல்ல, கருவியுடையது. அதுவும் மேப் கொடுக்கிறவர் கொடுத்துக்கொண்டிருக்கும் வரைதான். டாம்டாம் 2018-ல் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புது மேப் இனிக் கிடையாது என்று அறிவித்தபோது, ஆயுள் சந்தா வைத்திருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். தள்ளுபடியில் வாங்குகிறவன் பாதி விலை கொடுக்கிறான். அந்த ஆயுளில் எவ்வளவு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று கணக்குப் போட்டால் சில சமயம் அது முழு விலையாகவே இருக்கும். உன்னுடையதில் எந்த ஊர் மேப் இருந்தது என்பதைக்கூடச் சொல்லவில்லை. ஓமானின் சலாலா வரை வழி சொல்லும் கருவி சத்தியமங்கலத்தை வெறும் வெள்ளைத் திரையாகக் காட்டலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் கார்மினுக்கு ஏற்ற இந்திய மேப்பை இலவசமாகவே செய்து வைத்திருக்கிறார்கள், கார்டில் போட்டால் ஓடும். வாசகருக்குப் பணம் மிச்சமாகும் ஒரே வரி அதுதான், அதை விட்டுவிட்டாய். வளைவான பாதைகளைத் தேடித் தரும் வசதிக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய். காரவள்ளியில் ஆரம்பித்தால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அதைக் கண்டுபிடிக்க சாட்டிலைட் வேண்டுமா?

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் பாவம். கருவியைக் கடைக்கு வெளியே மதிய வெயிலுக்குக் கொண்டுபோய், க்ளவுஸ் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘உடுமலைப்பேட்டை’ என்று தட்டிப் பார்த்தாயே! முதல் எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்து விழுந்ததையும், நாலாவது தரம் க்ளவுஸைக் கழற்றிவிட்டதையும் எழுதியிருந்தாயே, அந்த ஒரு பத்தி அபாரம். தமிழில் வண்டிப் பொருள் பற்றி அப்படி ஒரு பத்தியை நான் படித்ததில்லை. வெட்டி எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மற்ற பக்கங்களைக் கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதினாயோ என்று சந்தேகம்.

ஒன்று கேட்க மறந்தேன். கட்டுரையோடு வந்த போட்டோவில் கருவிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கார் கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுக் கோப்பை மாதிரி இருக்கிறது. பெட்டியில் அது மட்டும்தான் இருந்தது என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடு. இல்லை, கிரேடிலும் இருந்தது என்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு இங்கே வா. ரிலே என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

உன் அண்ணன்