காயலான் கடைக்குத் தப்பிய வண்டிகள்

ஐதராபாத் நகரில் ஓடும் அரசுப் பேருந்துகளின் எண் பலகையில் ‘இசட்’ என்னும் ஆங்கில எழுத்தைக் காணலாம். ஏழாம் நிஜாமின் அன்னையான ஜஹ்ரா பேகத்தின் பெயரைக் குறிக்கும் எழுத்து அது என்று நகர மக்கள் கூறுவர். இப்பேருந்துகளின் வரலாறு 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. நிஜாம் அரசின் இரயில்வே 27 பேருந்துகளையும் 166 பணியாளர்களையும் கொண்டு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. அக்காலத்து ஆல்பியன் பேருந்து ஒன்று, போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகமான பஸ் பவனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

இத்தகைய நல்வாய்ப்பு எல்லா வண்டிகளுக்கும் கிட்டுவதில்லை. லாரியோ பேருந்தோ உழைத்து ஓய்ந்தபின் சென்று சேரும் இடம் பழைய இரும்புக் கடையே. தமிழ்நாட்டில் இதனைக் ‘காயலான் கடை’ என்பர். காயல்பட்டினத்து வணிகரால் அமைந்த பெயர் என்று சொல்வர். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஐதராபாத்தின் ஆட்டோ நகரிலும் இவ்வணிகத்தைக் காணலாம். அங்கே வரும் வண்டியில் முதலில் சக்கரங்களும் பின்னர் எஞ்சினும் கியர் பெட்டியும் அச்சும் கழற்றப்படும். மரத்தாலான பகுதிகள் விறகாகும். எஞ்சிய இரும்புச் சட்டத்தைத் தீச்சுடரால் அறுத்து எடை போடுவர். முப்பது ஆண்டுகள் நெல்லும் சிமெண்டும் சுமந்த வண்டி ஒரே நாளில் மறைந்துவிடும்.

மன்னர்கள் ஏறிய மகிழுந்துகள் அருங்காட்சியகங்களில் பளபளக்கின்றன. கூலிக்கு உழைத்த லாரியை யார் வைத்துப் போற்றுவர்? அதை நிறுத்தவே தனி நிலம் வேண்டும். சட்டமும் அதனை நினைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்த ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்ய 2021இல் நடுவண் அரசு விதி வகுத்தது. இருசக்கர வண்டிகளும் மகிழுந்துகளுமே அதில் இடம்பெற்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கென்வொர்த், மேக் போன்ற பழைய இழுவை லாரிகளைக் கழிவுக் கிடங்குகளில் தேடிச் சென்று மீட்போர் பலர். இவ்வார்வலர்களுக்கென 1971 முதல் ஒரு சங்கமே இயங்கி வருகிறது.

மீட்பவர் முதலில் தேடுவது துருவின் அடியில் மறைந்திருக்கும் அடிச்சட்ட எண்ணை. அதுவே வண்டியின் பிறப்புச் சான்று. பெட்ரோல் எஞ்சின் இறுகிப் போயிருந்தால் பிளக்கைக் கழற்றி, உருளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிடுவர். பின்னர் கையால் மெல்லத் திருப்புவர். அவசரப்பட்டால் உள்ளுறுப்பு உடையும். உடைந்த உறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு பழைய வண்டியிலிருந்துதான் அதைப் பெற இயலும். ஆகவே ஒன்றை மீட்க இரண்டு வண்டிகள் வாங்குவோரும் உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நம் நாட்டில் லாரியைப் பெரும்பாலும் அடிச்சட்டமாகவே வாங்கி, ‘பாடி கட்டும்’ பட்டறையில் மேற்பகுதியை அமைப்பர். நாமக்கல்லும் திருச்செங்கோடும் இக்கலையில் பெயர்பெற்ற ஊர்கள். இரும்புச் சட்டம் நிலைத்தாலும் தச்சர் இழைத்த மரக்கூடு முதலில் மட்கிவிடுகிறது. புதிய மரத்தால் கட்டி, புதிய வண்ணம் பூசினால் அது பழைய வண்டிதானா? பழுதற்ற ஒரு பலகையேனும் எஞ்சியிருந்தால், கீறலோடு அதை விட்டுவைப்பதே நேர்மையான மீட்பு. பளபளப்பு எளிது, அதற்குப் பணம் போதும்.

ஆல்பியன் வண்டிகளுக்குத் தமிழ்நாட்டோடும் உறவு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவற்றைச் செய்த நிறுவனத்தை 1951இல் லேலண்ட் நிறுவனம் வாங்கியது. அதே லேலண்டின் கூட்டுறவோடு சென்னை எண்ணூரில் வளர்ந்த தொழிற்சாலையே 1955இல் அசோக் லேலண்ட் என்னும் பெயர் பெற்றது.

நிஜாமின் இரயில்வே வாங்கிய மற்றொரு கனரக வண்டியும் தப்பியது. 1914இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரத்து ஜான் மோரிஸ் நிறுவனம் செய்த தீயணைப்பு வண்டி அது. இன்று தில்லியின் தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தில்லியில் நடைபெறும் பழைய ஊர்திகளின் பேரணியில் அது பலமுறை தன் சொந்த எஞ்சினின் வலிமையால் ஓடியுள்ளது.

பயிற்சி

1. அடிச்சட்ட எண்ணைப் ‘பிறப்புச் சான்று’ என்று ஏன் கூறலாம்?
2. ஒன்றை மீட்க இரண்டு வண்டிகள் வாங்குவது ஏன்?
3. மரக்கூடு முழுவதும் புதிதாக்கப்பட்ட லாரி பழைய லாரிதானா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. பழைய இரும்புக் கடையை உம் பெற்றோரின் சொந்த ஊரில் எவ்வாறு அழைப்பர்? வீட்டில் கேட்டு எழுதுக.